பூஜை போட்ட டிஷ்வாஷர்

என் கணவர் டிஷ்வாஷருக்கு ஆயுத பூஜை போட்டார்.

அவர் அரக்கோணத்தில் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஆயுத பூஜை என்றால் எஞ்சினிலிருந்து ஸ்பேனர் வரை ஒன்றையும் விடாமல் பொட்டு வைப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவர், டிஷ்வாஷர் முன்னால் வந்ததும் தயங்கி நின்றார். வீட்டுக்கு அது புதிது. வெளியே பொட்டு வைத்தால் மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, கதவைத் திறந்து கீழ்த்தட்டை இழுத்து, அதன்மேல் ஒரு இலைத்துண்டைப் போட்டு, பொரி, கடலை, எலுமிச்சம்பழம், உடைத்த தேங்காய் மூடிகள் எல்லாவற்றையும் வைத்தார். கற்பூரத்தை மட்டும் வெளியில் காட்டினார். பிளாஸ்டிக் உருகும் என்ற விவேகம் இருந்தது.

நான் தடுக்கவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவுகிற ஒன்றுக்கு ஒரு ஆண்பிள்ளை மரியாதை செய்வதை நான் ஏன் தடுக்க வேண்டும்? அதே வேலையை நான் முப்பது வருஷத்துக்கும் மேல் செய்திருக்கிறேன். எனக்கு யாரும் ஆரத்தி எடுத்ததில்லை.

மறுநாள் படையலை எடுத்துவிட்டு, பாத்திரங்களை அடுக்கி மெஷினை ஓட்டினோம். பாதியில் உறுமியது, கீச்சிட்டது, நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் அடியில் சாம்பார் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

எங்கள் வீடு திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கிறது. என் கணவரின் உறவினர்கள் எல்லாம் ஆர்.கே.பேட்டைப் பக்கம். ஒவ்வொரு கிருத்திகைக்கும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் பையை வைத்துவிட்டு மலையேறுவார்கள். இறங்கி வந்து சாப்பிடுவார்கள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இலை போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். இலை போட்டால் தட்டு குறையும். குண்டானும் கரண்டியும் டம்ளரும் குறையாது.

நான் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றேன். மனுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். பெரிய பெரிய வக்கீல்கள் என் மேஜை முன்னால் நின்று, ‘அம்மா, இது ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க’ என்று கெஞ்சியிருக்கிறார்கள். அதே நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஸிங்க்கின் முன்னால் நிற்பேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோப்புத் தண்ணீர் பட்டால் எரியும். தோல் டாக்டர் களிம்பு எழுதித் தந்து, கையைத் தண்ணீரில் வைக்காதே என்றார். எந்த வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் நான் எனக்கென்று வாங்கியது இந்த மெஷின் ஒன்றுதான். இனிமேல் ஸிங்க்கின் முன்னால் நிற்க மாட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன்.

அது நின்றுபோனது. அடுத்த வாரம் கிருத்திகை.

நடைமுறைப்படி கம்பெனிக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். திருத்தணி என்றதும், அது ஆந்திராவா மேடம் என்று கேட்டாள். இந்த ஊர் ஆந்திராவுக்குப் போய்விடக் கூடாது என்று எங்கள் அப்பா காலத்து ஆட்கள் தெருவில் இறங்கி ஜெயிலுக்கும் போய் வந்தார்கள் என்று விளக்கினேன். “ஓகே மேடம், பின்கோடு சொல்லுங்க” என்றாள். மணவூர் தாண்டி இந்தப் பக்கம் ஆள் தினமும் வருவதில்லையாம். கிருத்திகைக்கு முன் கட்டாயம் அனுப்புவதாகச் சொல்லி, அதுவரை மெஷினை யாரும் தொடக் கூடாது, தொட்டால் வாரண்டி ரத்தாகும் என்றும் எச்சரித்தாள்.

தொடவில்லை. விதியை மதிப்பது என் ரத்தத்தில் ஊறியது. அந்த நாட்களில் நானேதான் கழுவினேன், பொய் சொல்லி என்ன. மூன்றாம் நாளே விரலிடுக்கில் எரிச்சல் திரும்பியது. களிம்பு டப்பாவைத் தேடி எடுத்தேன். என் கணவர் அதைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு நாள்ல ஆள் வந்துருவான்” என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஊருக்குள் கூட்டமாக இருக்குமாம், வண்டி விட மாட்டார்களாம், டெக்னீஷியன் விசேஷம் முடிந்து வருவாராம். விசேஷத்துக்காகத்தான் கூப்பிட்டேன் என்று நான் சொன்னதை அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். நானும் இப்படி நிறையக் குறித்துக்கொண்டவள்தான். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அதில் பாதி உலகத்தின் மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டு, வாரண்டி நிபந்தனைகளையும் ஒரு வரி விடாமல் படித்தேன். விதி தெரியாமல் மீறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் எதை மீறப்போகிறேன் என்பது தெளிவானதும் புடவையைச் செருகிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்து சேர்ந்தார். கிருத்திகைக்கு முதல் நாளே வந்து சமையலுக்குக் கை கொடுப்பது அவர் வழக்கம். நிலத்தில் காய்த்த கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கொண்டுவந்திருந்தார். பையை இறக்கிவைத்துவிட்டு என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னா நைனா, பூஜை போட்ட பொட்டியாமே. அதுக்கப்புறம்தான் நின்னுச்சா?” என்று தம்பியைக் கேட்டார்.

அவர் ஆங் என்றார்.

“அப்ப சாமியே வேணாம்னு சொல்லிடுச்சி.”

சாமி சொன்னதை எழுத்துமூலம் வாங்கித் தந்தால் பரிசீலிக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. நினைத்தேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர் வரும் குழாயை மூடினேன். கீழ்த்தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, தேங்கிய தண்ணீரை டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றி, மிச்சத்தைப் பழைய துண்டால் ஒற்றிப் பிழிந்தேன். நடுக்குழியில் இருந்த வடிகட்டியைத் திருகித் தூக்கினால், உள்ளே பொரி. ஊறிக் கூழாகி வடிகட்டி முழுக்க அப்பியிருந்தது. அதைக் குப்பையில் போடப்போனேன். சாமிக்கு வைத்தது, கால்படாத இடத்தில் போடு என்று அண்ணி சொன்னார். செடிக்குப் போட்டேன். இதில் எனக்குச் சண்டை இல்லை.

வடிகட்டியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு ஓட்டினேன். மறுபடியும் உறுமல், கீச்சு. தண்ணீர் அசையவில்லை. என் கணவர் பின்னால் நின்றுகொண்டு, இதற்கு மேல் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார். ஷெட்டில் எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் போட்டவர். வீட்டுக்குள் வந்தால் அவருக்கு எல்லாமே சீல் வைத்த சொத்து.

“வாரண்டி போனா போவட்டும். எனக்குப் போறதுக்கு வேற விரல் இல்ல” என்றேன்.

ஸிங்க்குக்கு அடியில் குனிந்து, கழிவுத் தண்ணீர் போகும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டு ஓட்டிப்பார்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியென்றால் குழாய்க்கு முன்னாலேயே அடைத்திருக்கிறது. மறுபடியும் பிளக்கைப் பிடுங்கித் தண்ணீரை மொண்டேன். வடிகட்டிக் குழியின் பக்கவாட்டில், தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப்பை மூடியபடி சின்னதாக ஒரு மூடி இருக்கிறது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பூனின் காம்பால் அதை நெம்பினேன். வர மறுத்தது. ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு பிடிவாதமான ஒன்றை நான் சந்திக்கவில்லை. மூன்றாவது நெம்பலில் வந்தது.

உள்ளே விரலை விட்டேன். சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. சுற்ற வேண்டியது, சுற்றவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், அதன் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஏதோ குத்திக்கொண்டிருந்தது. முள் எடுக்கும் இடுக்கியால் பிடித்து, அங்கும் இங்கும் அசைத்து வெளியே எடுத்தேன். கொட்டாங்குச்சிச் சில்லு. நகம் அளவுகூட இல்லை. தேங்காய் மூடியின் ஓரத்திலிருந்து உதிர்ந்திருக்க வேண்டும்.

என் கணவரின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன்.

“இந்தாங்க, பிரசாதம்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணியும் எட்டிப் பார்த்தார். “அது பொட்டிலயே இருந்திருக்கும். புதுசுன்னு சொல்லி பழசக் குடுத்துட்டானோ என்னவோ” என்றார்.

எல்லாவற்றையும் பொருத்திவிட்டு ஓட்டினேன். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. ஆனால் தண்ணீர் போகவில்லை. கீச்சு.

நான் அப்போதே சொன்னேன் என்றார் என் கணவர். எதைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. அண்ணி என் தோளில் கை வைத்தார். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“விடும்மா. நாளைக்கி எல்லாரும் சேந்து ஆளுக்கு ரெண்டு தேச்சிட்டா ஆச்சி. இதுக்குப் போயி இம்மாம் கஸ்டப்பட்டுகினு.”

அந்த ‘எல்லாரும்’ என்பவர்களை நான் ஒரு கிருத்திகையிலும் பார்த்ததில்லை. அவர்கள் சாப்பிடும்போது இருப்பார்கள். இரண்டு மூன்று கிண்ணத்தை ஸிங்க்கில் கொண்டுவந்து வைப்பதுவரை இருப்பார்கள். தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது பஸ் வந்துவிடும்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடியும் தண்ணீரை மொண்டேன், துண்டைப் பிழிந்தேன், வடிகட்டியைத் திருகினேன். பம்ப் மூடி ஒரு பக்கம் மட்டும் இறங்கி, மறுபக்கம் மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன். டக் என்றது. அந்த டக்கைக் கேட்காமல் மூடியது என் தவறு, மெஷினுடையது அல்ல.

இந்த முறை ஓட்டியதும் ஸிங்க்குக்கு அடியில் குழாய் குலுங்கியது. தண்ணீர் கடகடவென்று போனது. நான் தரையிலேயே உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை கேட்டேன். அண்ணி கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டார். என் கணவர் சில்லை சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கம்பெனிப் பெண்ணுக்கு நானே போன் செய்து புகாரை முடித்துவிடச் சொன்னேன். யார் சரிசெய்தார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன். சிறிது நேரம் ஏதோ தட்டிவிட்டு, ‘அங்கீகாரம் இல்லாத நபர்’ என்று போட்டு முடிக்கட்டுமா மேடம் என்றாள். அப்படியே போடச் சொன்னேன். என் பணிக்காலத்தில் கிடைத்த எந்தப் பாராட்டுச் சான்றிதழும் அவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை.

கிருத்திகைக்கு எல்லோரும் வந்தார்கள். மலைக்குப் போனார்கள், வந்தார்கள், சாப்பிட்டார்கள். தட்டு, டம்ளர், கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் நான் மெஷினில் அடுக்கினேன். எச்சில் தட்டும் சோற்றுக் கரண்டியும் ஒரே தண்ணீரிலா என்று அண்ணி முகம் சுளித்தார். கொதிக்கக் கொதிக்கக் கழுவுகிறது, எந்த எச்சிலும் தாங்காது என்றேன். கதவை மூடினேன், ஓடத் தொடங்கியது.

சோறு வடித்த அண்டாவும் சாம்பார் குண்டானும் மட்டும் வெளியே நின்றன. அவை அதற்குள் நுழையாது. எந்த மெஷினுக்குள்ளும் நுழையாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் அண்டாவைப் பார்க்கவில்லை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“மெஷின்ல போறத நான் பாத்துக்கறேன். போவாதது இந்த வூட்டு வேலை. யார் வேணா செய்யலாம்” என்றேன்.

யாரோ பஸ் நேரத்தைக் கேட்டார்கள். யாரோ செருப்பைத் தேடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்டாவைத் தூக்கித் தோட்டத்துக் குழாயடிக்குப் போனார். குனிந்து தேய்க்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

“ஆம்பள புள்ள அண்டா தேச்சிகினு கீது. நீ பாத்துகினு ஒக்காந்துகினு கீறியே.”

“ஆங் அண்ணி, பாத்துகினுதான் இருக்கேன்” என்றேன். “அடியில இன்னும் புடிச்சிகினு இருக்குது. இன்னொரு வாட்டி தேய்க்கச் சொல்லுங்க.”