அத்தைக்காகப் படித்த பஞ்சாபி

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் காலையே அம்மா என்னைப் பஞ்சாபி படிக்க உட்காரவைத்துவிட்டாள். விருத்தாசலத்தில் கோடை லீவு விட்டால் பிள்ளைகள் மணிமுத்தாற்று மணலில் கிரிக்கெட் ஆடுவார்கள், இல்லாவிட்டால் திட்டக்குடி, அதன் பக்கத்து மங்களூர் என்று சொந்தக்காரர் வீடுகளுக்கு பஸ் ஏறுவார்கள். எனக்கு வாய்த்தது கீறல் விழுந்த ஒரு செல்போனும், அதற்குள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியாரும். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் மாமாவால் வந்த வினை. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மாவுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே அவளைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, எங்கள் வீட்டில் வளர்ந்து, இங்கிருந்தே பட்டாளத்துக்குப் போனவர். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். பட்டாளத்தை விட்டு வந்ததும் அங்கே வீடு கட்டுவது, அப்பாவின் பீங்கான் கம்பெனியைக் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்று பேச்சு. கம்பெனி என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். தகரக் கொட்டகை, நான்கைந்து பெண்கள், அச்சில் ஊற்றி எடுக்கிற பொம்மைகள், அவ்வளவுதான். ஆனால் அம்மா அந்தக் காலி மனையில் முளைக்கிற கருவேலஞ்செடிகளைத் தன் கையாலேயே பிடுங்கிப் போடுவாள். தம்பி வந்து குடியிருக்கப்போகிற இடம் அவளுக்குச் சாமி இடம் மாதிரி.

அப்படிப்பட்ட மாமா ஒருநாள் போன் பண்ணி, முகாம் இருந்த ஊரிலேயே ஒரு பஞ்சாபிப் பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் ஆகிவிட்டது, லீவில் அழைத்து வருகிறேன் என்றார். அம்மா இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். அப்புறம் எழுந்து முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“நீதான் இந்தி டியூஷன் போறியே. இந்தி தெரிஞ்சவளுக்குப் பஞ்சாபி வராமயா பூடும்?”

என் இந்தி எனக்குத்தானே தெரியும்! பழங்களின் பெயரில் மாதுளை வரைக்கும் வந்திருந்தேன். போனில் இருந்த வாத்தியாரோ பஞ்சாபியை இந்தியில் சொல்லிக் கொடுக்கிறவர். தெரியாத ஒரு பாஷையைத் தெரியாத இன்னொரு பாஷையில் படித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். அவர் பத்து நிமிஷம் கையை ஆட்டி ஆட்டி விளக்குவார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா, “இன்னா சொல்றாரு?” என்பாள். எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்வேன். “இவ்ளோ நேரம் பேசனதுக்கு இவ்ளோதானா?” என்று சந்தேகமாகப் பார்ப்பாள். அந்த வாத்தியாருக்கு அம்மாவிடம் இருந்த மரியாதை, வீட்டுக்கு விளக்கேற்றப் பிறந்த எனக்கு இல்லை.

இதில் அம்மா ஒரு காரியம் பண்ணினாள். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன். முதல் பாடம் முழுக்கக் கேள்விகள்: எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, தண்ணீர் வேண்டுமா. இரண்டாம் பாடம் அதற்கெல்லாம் பதில். நானாவது இரண்டையும் பார்த்தேன். மற்றவர்களுக்கு முதல் பாடம் போதும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்தவளை நாமதானே கேக்கணும், பதில் சொல்றது அவ வேலை என்பது அவள் கணக்கு. கம்பெனிப் பெண்கள், எதிர்வீட்டு அக்கா, பால்காரர் எல்லாரையும் பிடித்து உட்காரவைத்து, என்னைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். “கீ ஹால் ஹை” என்றால் எப்படி இருக்கீங்க. “ரோட்டி காதி” என்றால் சாப்பிட்டீங்களா. தெருவே ஒப்பித்தது. அப்பா ஒருத்தர்தான் தப்பித்தார்.

“என்னிய வுட்டுடு. நான் தமிழ்லயே பேசறதில்ல” என்றார்.

அத்தை வந்து இறங்கினாள். மாமாவை விடக் கொஞ்சம் உயரம், சிரித்த முகம், கை நிறையச் சிவப்பு வளையல். ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் தெருவே வரிசையாக நின்று “கீ ஹால் ஹை” என்றது. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணை அகல விரித்து, ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேச ஆரம்பித்தாள். அவ்வளவுதான். பதிலைக் கண்டு எல்லாரும் அரண்டுபோனார்கள். பால்காரர் எருமைக்குத் தண்ணி காட்டணும் என்று நழுவினார். எதிர்வீட்டு அக்கா கையை உருவிக்கொண்டு ஓடியது. அத்தை நின்ற இடத்தில் நின்று, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமா இருந்தவரைக்கும் பரவாயில்லை. பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கொடுத்தார். லீவு முடிந்தது. அடுத்த போஸ்டிங் மலைக்கு மேல், குடும்பத்தை அழைத்துப்போக முடியாத இடம். கிளம்பும்போது, “அவ கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்க்கா. புடிக்கலன்னா அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடு. அவ இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டாள். அத்தை தாய்வீட்டுக்குப் போய்விட்டால் மாமா லீவுக்கு அங்கேதான் போவார். லீவுக்குப் போகிறவர் பிறகு அங்கேயே தங்கிவிடுவார். பக்கத்து மனையில் கருவேலங்காடுதான் வளரும். இதை அம்மா என்னிடமே வாய்விட்டுச் சொன்னாள், அப்பாவிடம் சொன்னாள், கோயிலில் சாமியிடமும் சத்தமாகவே சொன்னாள்.

அதனால் அத்தையைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். அத்தைக்கு மூன்று வேளையும் சப்பாத்தி. துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வாள். அத்தை கொட்டகைக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் பிசிறை ஸ்பாஞ்சால் துடைக்க ஆசைப்பட்டாள். நன்றாகவும் துடைத்தாள். அம்மா ஓடிவந்து, புதுப்பொண்ணு மண்ணுல கைய வைக்கிறதா என்று எல்லாரையும் ஒரு பாட்டம் திட்டி, கையைக் கழுவிவிட்டு, அழைத்துக்கொண்டு போய் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தாள். அத்தை அங்கே உட்கார்ந்து வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். அரைமணிக்கு ஒருத்தர் எட்டிப் பார்த்து “ரோட்டி காதி?” என்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஆள் இருக்கமாட்டார்.

பாவம், அத்தை தமிழ் கற்றுக்கொள்ளவும் பார்த்தாள். “தண்ணி” என்று அழகாகக் கேட்பாள். அம்மா விடுவாளா! “பாணி, பாணி” என்று பஞ்சாபியில் சொல்லிக்கொண்டே சொம்பை நீட்டுவாள். அவள் தமிழில் கேட்க, இவள் பஞ்சாபியில் சொல்ல, நடுவில் நான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“அவங்கதான் தமிழ் கத்துக்கறாங்களே, வுடேம்மா!”

“பேச்சுக்குக் கூடவா அவ கஷ்டப்படணும்? நீ போயி அடுத்த பாடத்தப் படி” என்றாள். இவளோடு யார் மல்லுக்கட்டுவது?

அடுத்த பாடம் எதற்கென்று பிற்பாடுதான் தெரிந்தது. சாயங்காலமானால் அத்தை போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அவள் அம்மாவோடு பேசுவாள். அங்கே என்ன பேசுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். வந்து கூட்டிட்டுப் போ என்கிறாளா, இல்லையா? துணி எடுக்கிற சாக்கில் தினமும் என்னை மேலே விரட்டினாள். விடுமுறையும் போயிற்று, மானமும் போயிற்று. காய்ந்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்துக்கொண்டு காதைத் தீட்டி நிற்பேன். அத்தையின் பேச்சு ரயில் மாதிரி ஓடும். போனில் இருக்கும் வாத்தியார் அந்த வேகத்தில் ஒருநாளும் பேசியதில்லை. ஒன்றும் புரியாமல் கீழே இறங்கினால், “இதுக்கா இவ்ளோ நாளு படிச்ச?” என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

பிறகு ஒரு நாள் அது நடந்தது. அன்றைக்கு அத்தை மெதுவாகப் பேசினாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, விட்டு விட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “மைன் டீக் ஆன், மம்மி.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் பாடம்! நான் நல்லா இருக்கேன் அம்மா. “ரோட்டி கா லயீ.” சாப்பிட்டுட்டேன். “சப் சங்கே நே.” எல்லாரும் நல்லவங்க. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. வாத்தியாரே வந்து என் முதுகில் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. துணியைப் போட்டது போட்டபடி தடதடவென்று படியிறங்கினேன்.

அம்மா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் முகம் மலரும், ஒரு பத்து ரூபாயாவது கையில் கிடைக்கும் என்று நின்றேன். அவள் மாவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

“அழுதாளா?”

“ஆமா, மூக்க உறிஞ்சிகினேதான் பேசனாங்க. ஆனா நல்லா இருக்கேன்னுதாம்மா சொன்னாங்க. எனக்கு நல்லாப் புரிஞ்சிது.”

“சாப்ட்டேன்னு சொன்னாளா?”

“சொன்னாங்க. மத்தியானம் தட்டுல அப்பிடியே வச்சிட்டாங்க இல்ல? அத மட்டும் சொல்லல.”

அம்மா கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கிறவரை விடாமல் போட்டாள். “ஏன்டா, அவ அண்ணன வந்து அவளக் கூட்டிகினு போவச் சொல்லு. இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. சொல்றதச் செய்யி” என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் என் உயிரை வாங்கியது அத்தை போய்விடக் கூடாது என்பதற்குத்தானே? நல்ல சேதி கொண்டுவந்த அன்றைக்கா அனுப்புவார்கள்? ஒருவேளை நான் சொன்னதை நம்பவில்லையோ என்று போனைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டாம் பாடத்தை அவள் முகத்துக்கு நேராக ஓடவிட்டுக் காட்டினேன். “தெரியும் போடி” என்றாள்.

தெருவில் கேட்டவர்களிடம் இன்னொரு கூத்து. “ஆடிக்கு அழைச்சிகினு போறாங்க. புதுப்பொண்ணு ஆடி மாசம் அம்மா வூட்லதான இருக்கணும்?” என்றாள். வைகாசி பாதிகூடத் தாண்டவில்லை. எதிர்வீட்டு அக்கா வாய்விட்டே சிரித்துவிட்டது. காலண்டர் இருக்கிற ஊரில் இப்படியா புளுகுவது என்று எனக்கு மானம் போயிற்று. அவள் அசரவில்லை. “பஞ்சாப்பு தூரம்டி. இப்ப கெளம்பனாத்தான் ஆடிக்குப் போயிச் சேர முடியும்” என்றாள். அத்தையிடமும் அதையே சொல்லச் சொன்னாள். எங்கள் வழக்கம் இது, ஓடிப்போகிறதாக யாரும் நினைக்கமாட்டார்கள் என்று. என் பஞ்சாபியில் ஆடி மாசத்தை எப்படிச் சொல்வது? கையைக் காட்டி, காலண்டரைக் காட்டி, “மம்மி, மம்மி” என்றேன். அத்தைக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். போகச் சொன்னால் சிரிக்க வேண்டியவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அதிலும் எரிச்சல்.

அண்ணன்காரர் வந்தார். மரியாதையான மனிதர், அப்பாவைவிடக் குறைவாகப் பேசினார். ஜங்ஷனில் ரயில் கிளம்பும்போது அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு “போயிட்டு வரேன்” என்று தமிழில் சொன்னாள். அம்மா அன்றைக்குத்தான் அவளுக்குத் தமிழில் பதில் சொன்னாள். “போயிட்டு வாம்மா” என்றாள். ரயில் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நானும் அவளும். அழுது முகம் வீங்கியிருந்தது. அனுப்பிவிட்டு அழுவானேன்? எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நான் சரியாத்தானம்மா சொன்னேன்? நல்லா இருக்கேன்னுதான அவங்கம்மாகிட்டச் சொன்னாங்க?”

“சரியாத்தான் சொன்ன. நான் கல்யாணமாயி இங்க வந்த புதுசுல, எங்கம்மாவுக்கு எஸ்.டி.டி. பூத்துலருந்து போன் பண்ணி இதேதான் சொன்னேன். நல்லா இருக்கேன், சாப்ட்டேன், எல்லாரும் நல்லவங்க.”

“அப்பறம்?”

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எங்கம்மா நம்பிட்டாங்க.”

பெற்ற பெண் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நம்பாமல் வேறு என்ன செய்வார்கள்? இதற்குப் போய் ஒரு மனுஷி இப்படி அழுவாளா என்று, அலுத்துப்போய் நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.