மாதம்மாளுக்குத் திரும்பி வந்த வயது

அறுபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் முகத்திலிருந்து சுருக்கம் விலகத் தொடங்கினால், அதை முதலில் கவனிப்பவர்கள் அவளைத் தினமும் பார்க்காதவர்கள்தாம். மாதம்மாளுக்கும் அப்படித்தான் நடந்தது. ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிக் கொடுக்கும் மீனைக் குழம்பு வைத்தும் வறுத்தும் தருவது அவள் தொழில். பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் போவாள், வெயில் சாய்ந்ததும் திரும்புவாள். ஆண்டுதோறும் வரும் பெங்களூர்க் குடும்பம் ஒன்று அந்த முறை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"போன வருஷம் இங்க ஒரு ஆயா சமைச்சாங்களே, அவங்க பொண்ணா நீங்க?"

"கொழம்பு நல்லா இருந்திருந்தா அது நாந்தாங்க. இல்லைன்னா எங்காத்தான்னு வெச்சுக்குங்க" என்று சிரித்தாள் மாதம்மாள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. பெரியண்ணன் என்ற பழைய பரிசல்காரர் கரையோரம் வந்தார். பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாத அளவுக்கு நினைவு தப்பிப்போனவர். அவளைப் பார்த்ததும் நின்று, தெளிவான குரலில் கேட்டார்: "மாதி, உம்புருசன் அக்கரைக்குப் போனானே, இன்னும் வரலியா?"

அவள் கணவன் இறந்து வெகுகாலம் ஆகிறது. "வந்துருவாருங்க" என்று அவள் வாய் பதில் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசிப்பதற்குள் சட்டியில் மீன் கருகிவிட்டது.

அடுத்த சில நாட்களில் மாதாமாதம் வருகிற தூரம் மறுபடி வந்தது. அது நின்று ஒரு மாமாங்கம் ஆகியிருந்தது. பால் கொடுக்கிற காலத்தில் கனத்ததுபோல மார்பு கனத்தது. முழங்கால் வலியை மறந்து பஸ் படிக்கட்டில் ஏறினாள். முன்னொரு காலத்தில் வயிற்றில் கட்டி என்று சேலத்தில் ஆபரேஷன் செய்து ஒரு பக்கச் சூலகத்தை மட்டும் எடுத்திருந்தார்கள். வருஷா வருஷம் வந்து காட்டச் சொன்னார்கள். உடம்பு நன்றாக இருந்ததால் போவதை நிறுத்திவிட்டாள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஊர் மாரியம்மன் பண்டிகையில் முதல் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றுவது தூரம் நின்றுபோன ஒரு பெண்தான். பல வருடங்களாக அது மாதம்மாள். கோயில் பொறுப்பு அவள் கணவனின் தம்பி காளியப்பனுடையது. பண்டிகையன்று காலை, மாதம்மாள் தன் மருமகள் யுவராணியை அனுப்பி, "எனக்கு ஆகாது, வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்றாள். காரணம் கேட்டபோது யுவராணி மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

காளியப்பன் கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேராக வந்து அண்ணியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கை கூப்பினார்.

"பானைய நீங்கதான் வெக்கணும் அண்ணி. ஆத்தா உங்கள மறுபடி கன்னியாக்கிட்டா."

அவள் வைத்தாள். இரண்டு வருடமாகப் பொய்த்திருந்த மழை அன்று சாயங்காலம் பெய்தது. அதன்பிறகு யார் என்ன சொல்லியும் பயனில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, அவள் ராகி மாவு பிசைவதைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஒருத்தி அவள் முன்கைத் தோலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். இன்னொருத்தி, அவள் குளித்து எழுந்த கல்லில் தேங்கிய தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதம்மாள் தடுக்கவில்லை. பிடித்திருந்ததா, பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. நம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் ஒருவருக்குள் நுழைகிறது. மறுக்காமல் விட்ட இடத்தின் வழியாக.

யுவராணிக்கு மட்டும் கண் வேறிடத்தில் இருந்தது. அத்தையின் முகம் இளம்பெண்ணுடையதாக ஆக ஆக, வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ஒருநாள் அடுப்படியில் மாதம்மாள் வலியில் சுருண்டதும், தர்மபுரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாள். அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். மாதம்மாளின் மகன் அங்கே வேலையில் இருந்ததால் தங்க இடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த டாக்டரம்மா ஒருவர் இருந்தார்.

"அந்தப் பழைய கட்டியோட விதை கொஞ்சம் உள்ளயே தங்கிடுச்சும்மா. இத்தனை வருஷம் தூங்கிட்டு இப்ப முளைச்சிருக்கு. சூலகத்துல வர்ற புற்றுநோய்லயே இது ரொம்ப அபூர்வம். வயசுப் பொண்ணுங்க உடம்புல ஊறுற ஹார்மோனை இது ஊற வைக்குது. உடம்பு அதை நம்பி இளசாகுது."

"அப்ப என் மூஞ்சி?"

"அதுவும் அதோட வேலைதான்."

மாதம்மாள் தன் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வழிகளைச் சொன்னார். சிறுசிறு இடங்களாகப் பரவியிருப்பதால் மறுபடி வயிற்றைத் திறந்தாலும் முழுக்க எடுக்க முடியாது. கீமோ கொடுக்கலாம்; சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இந்த நோய் வந்தவர்கள் குறைவு, அதனால் மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளும் குறைவு. பல ஊர்களில் தேடிச் சேர்த்தால்தான் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் தேறும். மும்பையில் ஒன்று நடக்கிறது, வாராவாரம் ஊசி, அங்கேயே தங்க வேண்டும். இங்கே ஒன்று நடக்கிறது. அந்த ஹார்மோனை அடக்கும் மாத்திரை ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. பாதிப் பேருக்கு அது மட்டும், மீதிப் பேருக்கு அதோடு ஒரு புது மருந்தும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது. குணமாகும் என்ற வாக்குறுதி கிடையாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சேராவிட்டாலும் வைத்தியம் நிற்காது. இங்கே ஓர் இடம்தான் மிச்சம், மாதக் கடைசியில் சேர்க்கையை மூடிவிடுவார்கள்.

"அந்த மாத்திரை போட்டா இந்த வயசு போயிருமாங்க?"

"போகும்மா. போனாத்தான் மருந்து கேக்குதுன்னு அர்த்தம்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினாள்.

காளியப்பனுக்குச் சேதி எட்டியதும் வந்து நின்றார். "ஆத்தா குடுத்தத மாத்திர போட்டு அமுத்தறதா அண்ணி? கம்பியூட்டரு சீட்டுக் குலுக்குமாம், அத நம்புவீங்க. மழையக் கொண்டாந்தவள நம்ப மாட்டீங்களா?"

"மாமா, மழ பாப்பாரப்பட்டிலயும்தான் பேஞ்சுது. அங்க யாரு பான வெச்சாங்க?" என்றாள் யுவராணி.

"உங்க மருமவளுக்கு வாய் மட்டும் பூட்டில்லாத பொட்டி" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் வேஷக்காரர் அல்ல, உண்மையாகவே நம்பினார். அவரை மறுப்பது அதனால்தான் கடினமாக இருந்தது.

மாதம்மாளின் உயிர் வயிற்றில் வளர்கிற ஒன்றிடம் சிக்கியிருந்தது. அந்த ஒன்றுதான் அவளுக்கு வலியில்லாத காலையும் சோறு ருசிக்கிற நாக்கையும் தந்திருந்தது. நம்மை அழிப்பது ஒரு பகைவனின் முகத்தோடு வரும் என்று எதிர்பார்க்கிறோம். அவளுக்கு அது அவளுடைய இருபத்தைந்து வயது முகத்தோடு வந்திருந்தது.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கம்பைநல்லூரிலிருந்து ஜானகியம்மாள் என்றொரு பெண் வந்தாள். மாதம்மாளின் வயதுதான். வாசலில் நிறையப் பேர் இருந்தார்கள், காளியப்பனும் இருந்தார். மஞ்சள் கிழங்கை மாதம்மாளின் காலடியில் வைத்துவிட்டு, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கும் திரும்பி வந்துருச்சுங்க. நாலு மாசமா நிக்கல. டாக்டரு பெரிய ஆஸ்பத்திரில காட்டச் சொன்னாரு. உங்களக் கேள்விப்பட்டதும் போவறத வுட்டுட்டேன். எம்மேலயும் ஆத்தா எறங்கிட்டா பாருங்க."

அவள் உதடு வெளுத்திருந்தது. நகக்கண்ணிலும் ரத்தமில்லை. நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷமாகச் சிரித்தாள்.

"எனக்கு வந்தது ஆத்தா இல்லீங்க, கட்டி" என்றாள் மாதம்மாள். "ஸ்கேன்ல பாத்துட்டாங்க. புத்துநோயி. நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஜானகியம்மாளின் சிரிப்பு மாறவில்லை. "ஆத்தா இப்புடித்தான் சோதிப்பா."

"சத்தியமா சொல்றனுங்க, கட்டிதான்."

வாசலில் இருந்தவர்கள் எல்லோருமே சிரித்தார்கள், அதே சிரிப்பு, சத்தமில்லாமல். அவள் மறுக்க மறுக்க அவர்களுக்கு அது உறுதிப்பட்டது. மாதம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன் பேச்சைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை என்று தெரிந்தது. பானை வைத்தவளின் பேச்சைக் கேட்கத்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏ ஜானகி."

இதுவரை 'வாங்க, போங்க' என்று பேசியவள். குரல் தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நான் சொல்றன் கேளு. விடிஞ்சதும் தர்மபுரிக்குப் போயி வவுத்தக் காட்டு. காட்டாம என் வாசலுக்கு வந்தீன்னா உன் மஞ்சளத் தொடமாட்டேன்."

ஜானகியம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். "போறேன் ஆத்தா, போறேன்."

முகம் காளியப்பன் பக்கம் திரும்பியது. "நானும் போறேன்டா. என்ன மறிக்காத."

காளியப்பனின் கைகள் தாமாகத் தலைக்குமேல் போயின. அண்ணி அவரை ஒருநாளும் 'டா' போட்டதில்லை. கட்டியிருந்த ஆடுகூட அசைபோடுவதை நிறுத்தியிருந்தது. பிறகு மாதம்மாள் தொப்பென்று உட்கார்ந்து, தன் பழைய கரகரப்பில், "கொஞ்சம் தண்ணி குடு புள்ள" என்றாள்.

செம்பை நீட்டும்போது யுவராணி காதருகில் குனிந்து கிசுகிசுத்தாள்: "நல்லா நடிச்சீங்க அத்த."

மாதம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். "நடிச்சனா?" என்று கேட்டாள். கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

இதைத் தைரியம் என்று புகழ்வது எளிது. தைரியத்துக்கு, செய்கிறவள் தான்தான் செய்கிறேன் என்று அறிந்திருக்க வேண்டும்.

சேர்க்கை மூடுவதற்கு முந்தைய நாள் இருவரும் பெங்களூரில் இருந்தார்கள். வழியிலேயே ஜானகியம்மாளின் மகன் போன் செய்திருந்தான். கர்ப்பப்பையில் கட்டியாம், இப்போதே எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்றார்களாம், இதை ஆத்தாவிடம் சொல்லும்படி அம்மா சொன்னாளாம்.

டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் படித்துக் காட்டினார். புரிந்ததா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். கடைசியில் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இதைக் கேக்காம உங்களைச் சேர்க்க முடியாதும்மா. யாராவது சொல்லி, கட்டாயப்படுத்தி வந்தீங்களா? இது உங்க சொந்த முடிவுதானா?"

மாதம்மாள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பேனாவை மூடினார். ஆமான்னு சொல்லுங்க அத்த என்று யுவராணி மனதுக்குள் மன்றாடினாள்.

"சொன்னதாலதாங்க வந்தேன்" என்றாள் மாதம்மாள்.

"யார் சொன்னாங்க?"

"நாந்தான்."

டாக்டரம்மா லேசாகச் சிரித்து, பேனாவைத் திறந்து, பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காட்டினார். அன்று வாசலில் கேட்ட இரண்டு குரல்களில் இப்போது பதில் சொன்னது எது என்று யுவராணி கவனித்துத்தான் கேட்டிருந்தாள். அவளால் சொல்ல முடியவில்லை. மாதம்மாள் மேஜையில் குனிந்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள்.