பதினெட்டாம் விதி

எங்கள் ஐஸ் ஃபேக்டரியில் அவரை எல்லாரும் ஸ்டோர் அக்கா என்போம். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுகூட ஸ்டோரை விட்டு வெளியே போகாது. கிழிந்த கையுறையைக் கண்ணில் காட்டினால்தான் புதுசு தருவார். கம்பெனியின் நூறு பங்கில் முப்பது அவருடையது என்றால் புதிதாக வந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவருடைய அப்பா எழுதிவைத்தது. மீதி தம்பியிடமும் தம்பியின் மாமனார் வீட்டிலும் இருந்தது. தம்பிதான் முதலாளி. நான் ஆபீஸ் கிளார்க். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

அக்காவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அம்மோனியா குழாய் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. வாயு கசிந்து ஃபிட்டர் இரண்டு தடவை மூச்சுத் திணறி விழுந்திருந்தார். குழாயை மாற்றச் சொன்னால், "போர்டுல பேசிக்கலாம்க்கா" என்பார் முதலாளி. போர்டில் அக்காவுக்கு இடம் கிடையாது. அதனால் ஒவ்வொரு வருடமும் பொதுக் கூட்டத்தில் எழுந்து, தன்னையும் சேர்க்கும்படி கேட்பார். கை தூக்கச் சொல்வார்கள். அவர் கை ஒன்றுதான் மேலே நிற்கும். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்றே பதினோரு வருடத்தை ஓட்டிவிட்டார்கள்.

இந்த வருடம் ஃபிட்டர் மூன்றாவது தடவை விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் அக்கா என்னிடம் வந்து கம்பெனியின் விதிப் புத்தகத்தைக் கேட்டார். போல்ட்டு எடுத்துக் கொடுத்தபடியே ஸ்டோரில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். கால்வாசிப் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் போர்டுக்கு ஒருவரை நியமிக்கலாம், கடிதம் ஒன்று போதும், யார் சம்மதமும் வேண்டாம் என்றது பதினெட்டாம் விதி.

அடுத்த போர்டு கூட்டத்துக்கு, தன்னையே நியமித்து எழுதிய கடிதத்தோடு வந்தார். முதலாளியின் முகம் சுண்டிவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"பதினோரு வருஷமா அதைத்தானேடா கேட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இது செல்லுமா?"

"செல்லும் சார். பதினெட்டாம் விதி." புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருடமே படித்துவிட்டேன். முதலாளியைப் பகைத்துக்கொள்ளப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதுங்க. முதல் விஷயம், குழாய்" என்றார். "சாயங்காலம் ஃபிட்டரைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாங்க."