ஒரே வீட்டில் இரண்டு சீட்டு

மிளகாய் அரைபடும் நெடி... பஃபலோ ரோட்டில் எங்கள் வாடகை அறைக்குக் கீழே மாவு மில். அறுபதுகளின் நடுவில் எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் அங்கேதான், தும்மலுக்கு நடுவே, தீர்மானமானது.

மில்காரர் சீட்டு பிடித்தார். இருபது பேர். மாதம் ஆளுக்கு இருபத்தைந்து வெள்ளி (டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), மொத்தம் ஐந்நூறு. பணம் வேண்டியவர்கள் எவ்வளவு தள்ளி எடுக்கத் தயார் என்று துண்டுத்தாளில் எழுதி, மடித்துப் போடவேண்டும். அதிகம் தள்ளுபவருக்கு அந்த மாதச் சீட்டு. தள்ளிய பணம் மற்றவர்களுக்குப் பங்கு.

எனக்கு அப்போது இருபது வயது. காலியர் கீ கடலோரத்தில் ஒரு கப்பல் ஆபிசில் டைப்பிஸ்ட்.

ஒருநாள் அப்பா ஒரு நம்பர் சொன்னார். அறுபது. "இத டைப் அடிச்சிக் கொண்டாம்மா. கையெழுத்துன்னா ஆள் தெரிஞ்சிடும். அம்மாகிட்ட சொல்லாத." கடல் தாண்டி, ஊரில் பெரியப்பா ஒரு நிலம் பார்த்து வைத்திருந்தார். விலை ஐந்நூறு வெள்ளி, பேசினால் குறையும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை. ஐம்பத்தைந்து வயதில் ரிட்டயர் ஆனதும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவதாக அப்பாவின் திட்டம்.

மறுநாள் அம்மாவும் ஒரு நம்பர் சொன்னார். எழுபது. பக்கத்து அறை லெட்சுமி அக்கா பேரில் அம்மாவுக்கும் அதே சீட்டில் ஓர் இடம் இருந்தது. "அப்பாவுக்குத் தெரிய வேணாம்." இங்கேயே குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டுமாம்.

இருவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்... வயசான காலத்துக்கு. ஒரே வயசான காலம், இரண்டு நாட்டில். யார் பக்கம் நிற்பது என்று எனக்குப் புரியவில்லை.

போட்டி இருக்கிறது என்று தெரிந்தால் ஒருத்தராவது அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார் என நினைத்தேன். அப்பாவிடம், யாரோ எழுபது எழுதப்போகிறார்களாம் என்றேன். அவர் எண்பது என்றார். அம்மாவிடம் எண்பதைச் சொன்னேன். அவர் நூறு என்றார்.

இப்படியே நாலு நாள். மத்தியான இடைவேளையில், ஆபிஸ் காகிதத்தில், என் பெற்றோரை ஒருவர்மேல் ஒருவர் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்மா நூற்றிருபது. அப்பா நூற்று முப்பது. அப்பாவுக்கு விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஆட்டிறைச்சி வந்தது. பங்காகக் கிடைத்த ஆறு வெள்ளிச் சொச்சத்தில் அம்மா வாங்கியது. "எவனோ ஒரு மடையன் நூத்தி முப்பது தள்ளி எடுத்திருக்கான்னு லெட்சுமி சொல்லுச்சு" என்று சொல்லிக்கொண்டே அப்பாவுக்கு இன்னொரு துண்டு வைத்தார். அப்பா தலைநிமிராமல் சாப்பிட்டார்.

கையில் வந்த முந்நூற்று எழுபதுக்குப் படியாது என்று பெரியப்பா எழுதிவிட்டார். நிலம் வேறு யாருக்கோ போயிற்று.

அடுத்த மாதம் போட்டியே இல்லை. அம்மா ஐந்து வெள்ளி தள்ளி எடுத்தார். அப்படியும் முன்பணத்துக்குப் போதவில்லை. வேறு வழியில்லாமல், லெட்சுமி அக்கா பேரில் இருப்பது தன் சீட்டு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பா கேட்டார். "போன மாசம் நீ எவ்வளவு போட்ட?"

"நூத்தி இருபது."

"நான் நூத்தி முப்பது."

அம்மா அவரையே பார்த்தார். "ஏங்க... அந்த மடையன்..."

"நான்தான்."

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா எழுந்துபோய் அந்த முந்நூற்று எழுபதைக் கொண்டுவந்து அம்மாவின் பணத்தோடு வைத்தார். குவீன்ஸ்டவுன் வீடு அப்படித்தான் வந்தது. இருவரும் அங்கேயே வயதானார்கள்.

போன வாரம் பேங்கில் ஒரு பெண், பேத்தி வயசு, என் பணத்தை எதில் போடலாம் என்று விளக்கினாள். திரையில் வண்ண வண்ணமாகக் கோடுகள்... முப்பது வயதில் இவ்வளவு, ஐம்பதில் இவ்வளவு, எண்பதில் இவ்வளவு. என் வாழ்க்கை இவ்வளவு சீராக ஏறியிருக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

"உங்க ஃபேமிலில மணி டிசிஷன் எல்லாம் யார் எடுப்பாங்க, ஆன்ட்டி?" ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

அப்பா என்று சொல்ல வந்தேன். இல்லை, அம்மா. அதுவும் இல்லை... பெரியப்பா?

"கஷ்டமா இருந்தா இந்தக் கட்டத்த பிளாங்க்கா விட்டுடலாம் லா" என்றாள்.

விட்டுவிட்டோம்.