சொட்டு விழாத டோசர்

கும்பசிங் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று ஊர் பேசியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த மலைச்சாலையில் சாராயம் காய்ச்சி விற்கிறவள் நான். எவன் குடித்தான், எவன் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் வேறு எவளுக்குத் தெரியும்? வாயைத் திறந்து சொன்னேன். அவன் ஓட்டும் புல்டோசரின் முதலாளி லீலாராஜ் சிரித்தான்.

"விக்கிறவ வேற எப்படிக்கா சொல்லுவா?"

கும்பசிங் கத்தார் பாலைவனத்தில் டோசர் ஓட்டிப் பழகியவன். நேபாளத்துக்குத் திரும்பி வந்தபின் எங்கள் பக்கத்து மலைகளில் பாதிச் சாலை அவன் வெட்டியதுதான். பகலெல்லாம் மலையை வெட்டுவான், பொழுது சாய்ந்தால் என் கடையில் விழுவான். மனைவி தில்சரா கேட்டால் சத்தியம் செய்வான். மகள் தலைமேல், குலதெய்வத்தின்மேல், செத்துப்போன அப்பன்மேல் என்று அடுக்குவான். சத்தியம் நீள நீள அவளுக்கு விஷயம் புரிந்துவிடும். ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகுதான் இவனுக்கு உறைத்தது. இரண்டு வருடமாகக் குடிகாரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான். அவனுக்குச் சர்க்கரை போட்டு எனக்கு மாளவில்லை. இந்தத் தசைன் பண்டிகைக்கு வருவதாக தில்சரா சொல்லியனுப்பிய அன்று, மேட்டிலிருக்கும் தன் வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டையெல்லாம் அடைத்தான். அப்படிச் சிரித்து அவனை நான் பார்த்ததே இல்லை.

பண்டிகைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் அந்தப் பாழாய்ப்போன டோசர் ஓடியது. லீலாராஜ் கீழே சமவெளியிலிருந்து பழையதாக வாங்கி வந்த வண்டி அது. சரிவில் இறங்கும்போது எதிரே ஒருத்தி புல்லுக்கட்டோடு வந்திருக்கிறாள். கும்பசிங் கிளட்சைப் பிரித்து இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் மிதித்தான். வண்டி நிற்கவில்லை. சட்டென்று மண் தள்ளும் முன்பலகையை மண்ணில் இறக்கினான். அது சாலையை உழுதுகொண்டே போய் ஒரு ஆட்டுப்பட்டிச் சுவரை இடித்து, என் கடைக்கு எதிரே அக்ரோட்டு மரத்தில் முட்டி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. குடிகாரனுக்கு அந்த நேரத்தில் பலகையை இறக்கத் தோன்றுமா? யார் கேட்டார்கள்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மறுநாள் காலையில் லீலாராஜ் டோசர் பக்கத்தில் ஆட்களைக் கூட்டிவிட்டான். "குடிச்சுட்டு ஓட்டினேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டுக் கிளம்பு. வேற ஆளு பார்த்துக்கறேன்" என்றான்.

அந்த நேரம் பார்த்து தில்சரா வந்து நின்றாள். செய்தி ஆற்றைத் தாண்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் புருஷனிடம் போனாள்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான் சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கடை ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

கும்பசிங் லீலாராஜிடம் திரும்பினான். "மொதல்ல வண்டியைப் பார்க்கறேன். அப்புறம் என்ன வேணாலும் திட்டு."

ஏறி உட்கார்ந்து பெடல்களை மிதித்துப் பார்த்தான். கல் மாதிரி நின்றன. பிரேக் பட்டைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி மிதித்தான். அப்போதும் வழுக்கியது.

"பட்டை புதுசு. இறுக்கமாத்தான் பிடிக்குது. ஆனா வழுக்குதே, ஏன்?" என்று தனக்குள் முணுமுணுத்தபடி இறங்கி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். "கீழ மண்ணு காஞ்சு கெடக்கு."

"பின்னே? என் வண்டி ஒரு சொட்டு ஒழுகாது!" என்றான் லீலாராஜ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அதான் தம்பி பயமா இருக்கு. வாங்கிட்டு வந்தப்ப ஒழுகிச்சே, எப்ப நின்னுச்சு?"

லீலாராஜின் முகம் சுண்டிப்போனது. "விசுவகர்மா பூசைக்கு வண்டியை வீட்டு முத்தத்துல நிறுத்தினோம்ல... அம்மா செம்மண்ணும் சாணியும் போட்டு மெழுகி வச்சிருந்தா. சாமி கும்பிடற இடத்துல எண்ணெய் சொட்டுதுன்னு கத்தினா. அடியில இருந்த ஓட்டையில போல்ட்டைப் போட்டு முறுக்கிட்டேன்."

"ஒரு ஓட்டையா?"

"ரெண்டும்."

"அட நாசமா போறவனே!" இதைச் சொன்னது நான்.

கும்பசிங் திட்டவில்லை. "ஆத்துல இறங்கும்போது தண்ணி உள்ள போகாம இருக்க மட்டும்தான் அதை அடைக்கணும். கரையேறினதும் திறந்துடணும். பழைய வண்டி, உள்ள எண்ணெய் கசியத்தான் செய்யும். வெளிய போக வழியில்லன்னா பிரேக்லதான் தேங்கும், பட்டை வழுக்கும். ஒழுகலயேன்னு நானும் சந்தோஷப்பட்டேனே தவிர, குனிஞ்சு பார்க்கல" என்றவன் என் கடைக்குள் புகுந்து கையில் கிடைத்த செப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். நான் சாராயம் வடிக்கிற பானை!

போல்ட்டைக் கழற்றியதும் கரிய எண்ணெய் கொட்டத் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கே பானை நிரம்பிவிட்டது. மறுபக்கம் திறந்ததும் தரையெல்லாம் ஓடியது.

"பாருங்கய்யா! குடிச்சது அவனில்ல, இந்த வண்டி!" என்று கத்தினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பானை போன வயிற்றெரிச்சலிலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. லீலாராஜ் அக்ரோட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கும்பசிங் எண்ணெய் வழிந்த முகத்தோடு வெளியே வந்தான். அவன் கண்கள் என் கடை ஓரத்தைத் தேடின. தில்சரா நின்ற இடம் காலியாக இருந்தது.

"பார்த்தாளாக்கா?"

"இல்லடா. நீ பெடலை மிதிச்சுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டா."

சக்கரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். போல்ட் கையிலிருந்து விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் தலையைப் பிடித்து மேட்டுப் பக்கம் திருப்பினேன்.

"மடையா, அங்க பாரு."

அவன் அடைத்த கூரையின் மேலே அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"உப்பு வாங்கத்தான் எங்கிட்ட வந்தா. 'இருடி, இப்பத் தெரிஞ்சுடும்'னு நான் சொன்னேன். அவ, 'எனக்குத் தெரிஞ்சுடுச்சுக்கா, இந்தத் தடவை அவரு சத்தியமே பண்ணல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா."