மணியடித்ததும் வெளியே வந்தவள்

ரியாத்துக்குக் குடிவந்த இரண்டாம் வருடம் பத்தா கடைவீதியில் ஒரு துணிக்கடைக்குள் ஜோதிமணி அடைபட்டுப் போனாள். இடுப்பில் கைக்குழந்தை சுஷ்மிதா. பாங்கு சொன்னதும் கடைக்காரர் ஷட்டரைச் சடசடவென்று இறக்கிவிட்டுத் தொழப் போய்விட்டார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயே நின்றார்கள். வெளியே கணவர் உமாபதி, உள்ளே அவளும் வீறிட்டு அழும் குழந்தையும், நடுவே ஒரு தகரக் கதவு! ஷட்டர் மறுபடி உயர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்து உமாபதியே கண் கலங்கிவிட்டார்.

அன்று பிடித்த பழக்கம் அவளை விடவில்லை. சலா என்கிற தொழுகை நேரம் வந்துவிட்டால் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி முதல் ஆளாகக் கடையை விட்டு வெளியே வந்து நிற்பாள். இப்போதெல்லாம் பல கடைகள் தொழுகை நேரத்திலும் திறந்தே இருக்கின்றன. ஜோதிமணியின் கால்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கரூர்ப் பக்கத்துப் பெண் அவள். கல்யாணம் ஆன கையோடு ஊட்டிக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார் உமாபதி. கிளம்பவேண்டிய வாரத்தில் சவூதி விசா வந்து குதித்தது. "அங்க போய் ஏத்தறேன் புள்ள" என்றார். பாலைவனத்தில் படகுக்கு எங்கே போவது? கணவருக்கு டிபன் கட்டி, மகளை வளர்த்துக் காலேஜுக்கு அனுப்பி, வாழ்க்கை குறையில்லாமல்தான் ஓடியது. படகைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. ஊட்டிக்கென்று எடுத்த அரக்குப் பட்டுப்புடவையை மட்டும் ஒருமுறைகூடக் கட்டாமல் மடித்து வைத்திருந்தாள்.

அதை உமாபதி கவனித்திருக்கிறார். ரியாத் தமிழ்க் குடும்பங்களை ஐரோப்பா சுற்றிக் காட்டும் சேதுமாதவனிடம் இந்த வருடம் பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: "பெல்ஜியத்துல ப்ரூஜ்னு ஒரு பழைய ஊராம். தெருவுக்குத் தெரு தண்ணி. படகு போகுதாம்." ஜோதிமணி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண்ணீரை அடுப்புக்கு மட்டும்தான் காட்டினாள்.

ப்ரூஜில் இறங்கிய அன்று அரக்குப் பட்டும், அதன்மேல் ஸ்வெட்டரும், காலில் ஷூவுமாக அவள் பஸ்ஸை விட்டு இறங்க, ராதா கைதட்டிச் சிரித்தாள். பக்கத்து ஃபிளாட்டுக்காரி, வாய்த்துடுக்கு அதிகம்.

"என்னக்கா இது கோலம்! யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான் கண்ணு" என்றாள் ஜோதிமணி.

நரைத்த தலையுடன் ஓர் உள்ளூர் அம்மாள் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து நகரத்தின் கதையை நீளமாகச் சொல்லிக்கொண்டு போனார். சேதுமாதவன் அதைத் தமிழில் சுருக்கினார். "இது பழைய மணிக்கூண்டு. அது பழைய வீடு. அது அதைவிடப் பழைய வீடு. போட்டோ எடுத்தாச்சா? யல்லா, யல்லா, சீக்கிரம்! நாலு மணிக்குப் படகு. லேட்டா வந்தா படகும் நிக்காது, நானும் நிக்கமாட்டேன்!"

படகுத்துறையில் வரிசை பிடிக்க ஆண்கள் முன்னால் போனார்கள். பெண்கள் லேஸ் விற்கும் கடைக்குள் நுழைந்தார்கள். சுஷ்மிதாவுக்கென்று ஒரு லேஸ் துண்டை ஜோதிமணி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மூன்றேமுக்காலுக்கு டணால் என்று மணிக்கூண்டு ஒலித்தது.

காலையிலிருந்து கால்மணிக்கொரு தரம் அடித்த மணிதான். தெருவில் கேட்டபோது அது வெறும் மணி. கடைக்குள், கையில் சாமானோடு கேட்டபோது அவளுக்கு அது வேறாக இருந்தது. லேஸை வைத்தாள். விறுவிறுவென்று வாசலுக்கு வந்து, ஓரமாக, மரியாதையாக நின்றாள்.

ஷட்டர் இறங்கவில்லை. இவர்கள் ஊரில் நிதானமாகத்தான் சாத்துவார்கள் போலும் என்று நினைத்தாள். ஒரு வெள்ளைக்காரர் உள்ளே போகப் பார்த்தார். பாவம், மாட்டிக்கொள்வாரே! "ப்ரேயர், ப்ரேயர்" என்று கையைக் காட்டித் தடுத்தாள். அவர் அவளுடைய பட்டுப்புடவையைப் பார்த்தார், பயபக்தியோடு கைகூப்பினார், உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே தன் கூட்டத்தில் ஒருத்திகூட இல்லை. கடைக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது. ஜோதி அக்கா முன்னாலேயே கணவரிடம் போய்விட்டாள் என்று எண்ணிய ராதா, மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு அந்த வழியாகப் போயிருந்தாள்.

போனை எடுத்தாள். ரியாத் சிம்முக்கு இங்கே உயிரில்லை. நிமிர்ந்து பார்த்தால் மணிக்கூண்டு முள் நாலைத் தாண்டியிருந்தது. எந்தப் படகுக்காக இத்தனை வருடம் பட்டுப்புடவையை மடித்து வைத்தாளோ, அந்தப் படகு அவளில்லாமல் புறப்பட்டுவிட்டது! தேடி ஓடினால் இன்னும் தொலைந்துபோவோம் என்ற புத்தி மட்டும் மிச்சமிருந்தது. அங்கேயே நின்றாள். 'அவராவது ஏறியிருக்கட்டும் தாயே' என்று வேண்டிக்கொண்டாள்.

"ஏ புள்ள!"

கல் பாவிய தெருவில் மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தார் உமாபதி.

"ஏனுங்க... நீங்க ஏறலீங்களா?"

"ஏறி உக்காந்துட்டேன். நீ பொம்பளைங்களோட பின்னால உக்காந்திருக்கேன்னு நெனச்சேன். கயித்த அவுக்கறப்ப நாலு மணி அடிச்சுது. திரும்பிப் பாத்தா நீ இல்ல. அடடா, கடைக்குள்ள இருந்திருந்தா இவ வெளிய வந்து நின்னிருப்பாளேன்னு அப்பத்தான் தோணுச்சு. எறங்கிட்டேன். சேதுமாதவன் கத்துறாரு. கலாஸ், ஆச்சு, நீங்க போங்கன்னுட்டேன்."

"படகு போயிருச்சுங்களே!" அவள் அழுதேவிட்டாள்.

"ஊருக்கு ஒரே படகா வெச்சிருக்காங்க? மூக்கத் தொடச்சிட்டு வா. பட்டு நனையுது."

லேஸ் துண்டை வாங்கிக்கொண்டு நடந்தார்கள். அடுத்த படகில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ராதாவின் கேலி இல்லை, சேதுமாதவனின் யல்லா இல்லை. முன்வரிசையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். படகு அசைந்ததும் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். தண்ணீரில் பழைய வீடுகள் தலைகீழாக ஆடின. இரண்டு அன்னங்கள் வழிவிட்டு ஒதுங்கின.

"ஊட்டியில இந்நேரம் மழையா இருந்திருக்கும்" என்றார் உமாபதி.

"இத்தன வருஷம் கழிச்சு நல்ல சமாளிப்புங்க" என்று சிரித்தாள்.

ஒரு கல்பாலத்தின் அடியில் படகு நுழையும்போது மறுபடி மணியடித்தது. ஜோதிமணி சட்டென்று எழப்போனாள். உமாபதி அவள் தோளை அழுத்திப் பிடித்தார்.

"உக்காரு புள்ள. இங்க சாத்தறதுக்குக் கதவே இல்ல."

அவள் உட்கார்ந்தாள். மணி ஓயும்வரை அவர் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.