கிழக்குச் சுவரில் மூன்று சன்னல்

"அந்தச் சன்னல அடைக்கலன்னா கோர்ட்ல ஸ்டே வாங்கிருவேன். கல்யாணத்தத் தெருவுல வச்சு நடத்துங்க!"

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் தங்கராசு புதிதாகக் கட்டும் வீட்டு சைட்டில், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் நின்று கத்தியவர் அவருடைய அண்ணன் பொன்னுச்சாமி. பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்ட பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது. நடுவில் மாட்டியவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டியில் வந்துபோன எஞ்சினியராகிய நான்.

தங்கராசு இங்கிலாந்து போய் வந்தவர். அங்கே ஒரு சின்ன ஊரில் பார்த்த பழைய ஜமீன் மாளிகையைப் போனில் படம் பிடித்து வந்து, "சார், அப்படியே இது மாதிரி வேணும்" என்றார். செங்குத்தான கூரை, நாலு சிம்னி, வரிசை பிசகாத உயரமான சன்னல்கள். பனி பெய்கிற ஊர்க் கூரை நம் வெயிலுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"பாக்க எம்புட்டு அழகா இருக்கு!"

இதற்கு எஞ்சினியரிங்கில் பதில் கிடையாது. ஒரு சிம்னிக்குள் தண்ணீர் டேங்கை ஒளித்து வைத்து மனதை ஆற்றிக்கொண்டேன்.

சிக்கல் அண்ணன் வீட்டைப் பார்த்த கிழக்குச் சுவரில் வந்தது. மாடியில் அந்தப் பக்கம் இருந்தது பீரோ வைக்கிற பெரிய அறை. அதற்கு சன்னல் தேவையில்லை. ஆனால் எலிவேஷனில், அதாவது வெளித்தோற்றத்தில், மூன்று சன்னல் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் மொட்டையாக நிற்கும். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கொத்தனார்கள் செய்ததையே நானும் செய்தேன். வெளியே ஃப்ரேம், மரக்கதவு எல்லாம் உண்டு. உள்ளே செங்கல் சுவர். பிளைண்ட் விண்டோ என்பார்கள். கதவு ஒருநாளும் திறக்காததால் அண்ணனுக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. இடுக்கு வழியாக அவர் வீட்டைப் பார்க்கிறோமாம்.

ஒரு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். வேண்டுமென்றேதான் விளக்கவில்லை; விளக்கிவிட்டால் அவர் தம்பி வீட்டுப் படியேற மாட்டார். அடுத்த மாதம் அந்த வீட்டில் கல்யாணம். தங்கராசுவின் மகள் மகேசுவரி, பெரியப்பா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. காம்பவுண்டு ஓரம் போய், "அண்ணாச்சி, உங்க வீடு தெரியுதா இல்லையான்னு நீங்களே மேல வந்து பாத்துருங்க" என்றேன்.

"வாரேன். உங்க வண்டவாளம் இன்னைக்குத் தெரிஞ்சிரும்."

தம்பி முகத்தைப் பார்க்காமலே மாடியேறினார். அறைக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சன்னலு எங்கவே?"

சுவரைத் தட்டிக் காட்டினேன். அவரும் தட்டினார். மறுபடி தட்டினார்.

"கிறுக்குப் பயலுவளா! சுவத்துக்கா கதவு போட்டு வச்சிருக்கிய?"

வயிறு குலுங்கச் சிரித்தார். கீழே தங்கராசு சிரிப்பதும் கேட்டது. அதற்குள் மகேசுவரி காப்பியோடு வந்துவிட்டாள். "பெரியப்பா" என்றவள் டம்ளரை நீட்டியபடியே அழுதாள். அவர் வாங்கிக் குடித்தார்.

இறங்கும்போது, தம்பியிடம் அல்ல, என்னிடம் சொன்னார்: "எஞ்சினியரே, நடுச் சன்னல நெசமாவே தொறந்து விட்டுருங்க. எங்க வீட்டுக்காரி எந்திரிச்சு நடக்க ஏலாம கெடக்கா. கல்யாணத்தன்னைக்குப் பிள்ளைய இந்த ரூம்புல வச்சுச் சோடிங்க. அவ எங்க வீட்டு மாடியில கட்டில்ல இருந்தே பாக்கட்டும்."

தங்கராசு ஆள் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. தானே கடப்பாரையை எடுத்துச் செங்கல்லைப் பெயர்த்தார். மேல்சுவரில் ஒரு கீறல் விழவில்லை. கட்டும்போதே சன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் போட்டிருந்தேன்.

இளைய எஞ்சினியர்களே, அடைத்த சன்னல்தானே என்று லிண்டலை விட்டுவிடாதீர்கள். அதைத் திறக்கச் சொல்லி யார் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது.